நாலு ஜாடி, ஒரே தலை

அத்தியாயம் ஆறு

"சயனைடு மேட்டுல சோஷலிசம் வந்துடுச்சு, மிஸ்டர் சம்பங்கி!" என்றார் காலேஜ் விலங்கியல் வாத்தியார் ஹரோல்ட்.

கிளாரன்ஸ் மட்டும் சிரித்தான். துப்பறியும் சம்பங்கி சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்காமல் இருப்பதற்காகத்தான் ஜனங்கள் அவரை நம்பி வருகிறார்கள் என்பது அவருடைய உதவியாளன் கிளாரன்ஸின் நெடுநாள் அபிப்பிராயம். அவன் சிரிப்பதால் அவனை யாரும் நம்புவதில்லை. அதற்காக அவன் வருத்தப்பட்டதும் இல்லை.

சிரிக்க அன்றைக்கு நேரமும் இல்லை. சயனைடு மேட்டுக் காவல்காரன் காத்தவராயன் தங்கச் சுரங்கத்து வாட்ச் ஆபீஸில் அடைபட்டுக் கிடந்தான். சாயங்கால ஷிப்டுக்குச் சங்கு ஊதியதும் போலீஸ் ஜீப் அவனை ஏற்றிக்கொண்டு போய்விடும். தங்கத் திருடன் என்று ஒருமுறை பேர் விழுந்தால் வேலை போச்சு. வேலை போனால் ஸ்கெலட்டன் என்கிற தொழிலாளர் குடியிருப்பில் வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீடும் போச்சு. அவன் மனைவி வள்ளி காலையிலேயே ராபர்ட்சன்பேட்டையில் சைக்கிள் கடைக்கு மேலே இருக்கும் சம்பங்கியின் அறைக்கு வந்தாள். இடுப்பில் இருந்த குழந்தையை மேஜைமேல் உட்காரவைத்துவிட்டு, "அவரு எடுக்கல சார்" என்றாள். குழந்தை மைக்கூட்டைக் கவிழ்த்தது. கிளாரன்ஸுக்கு அவளைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. மை துடைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

விஷயம் இதுதான். சுரங்கத்து மில்லில் பாதரசம் தங்கத்தைப் பிடித்துக்கொண்டு சாம்பல் நிற உருண்டையாகத் திரளும். அந்த உருண்டைகள் கொஞ்ச நாளாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. மில் கேட்டில் தலைமுடி முதல் செருப்புவரை சோதனை போடுவார்கள். ஒரு குண்டூசி வெளியே போகாது. ஆனால் மில்லின் பின்பக்கம், தங்கம் எடுத்தபின் மிஞ்சிய மண்ணைக் கொட்டிக் குவித்த சயனைடு மேடு. அங்கே காற்றடித்தால் தூசி, மழை பெய்தால் சேறு. திருடுவதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் சோதனை எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

அந்த மேட்டில் ஹரோல்ட் வாத்தியார் நாலு கண்ணாடி ஜாடிகளைக் கழுத்துவரை புதைத்து வைத்திருந்தார். உள்ளே பாதி அளவுக்கு ஃபார்மலின் கலந்த தண்ணீர். மேலே மழைக்கு ஒரு தகரம். தரையில் ஊர்ந்து போகும் எந்த ஜந்துவும் கால் தவறி அதற்குள் விழும். வாரா வாரம் சனிக்கிழமை வந்து ஜாடிகளை எடுத்துப் போய் எண்ணுவார். இந்த வாரம் ஒரு ஜாடியின் அடிச் சேற்றில் மிளகளவுக்கு ஒரு சாம்பல் உருண்டை இருந்தது. ஹரோல்ட் யோக்கியமான மனிதர். நேராக வாட்ச் ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்தார். மேடு யார் பொறுப்பு? காத்தவராயன் பொறுப்பு. முடிந்தது கதை.

"நம்ம வேலை அந்த ஜாடி," என்று சொல்லி சம்பங்கி சைக்கிள் கேரியரில் ஏறி உட்கார்ந்தார். மிதித்தது கிளாரன்ஸ்.

காலேஜ் சோதனைக்கூடத்தில் நாலு வெள்ளைப் பீங்கான் தட்டுகள் வரிசையாக இருந்தன. ஒரு ஜாடிக்கு ஒரு தட்டு. செத்த பூச்சிகள் வகைவகையாகப் பிரிந்து கிடந்தன. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்தது நல்லதாகப் போயிற்று என்று கிளாரன்ஸ் நினைத்துக்கொண்டான்.

"ஒரு இடத்துல எத்தனை வகை உயிர் இருக்குன்னு எண்ணறது பாதி வேலைதான்," என்றார் ஹரோல்ட். "எந்த வகை எத்தனை இருக்குங்கறது மீதிப் பாதி. இப்போ நான் கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு பூச்சி எடுக்கறேன்னு வைங்க. ரெண்டும் வேற வேற வகையா இருக்குமா? கிளப் தோட்டத்துல எடுத்தா பெரும்பாலும் வேற வேறதான். சயனைடு மேட்டுல எடுத்தா ரெண்டுமே எறும்பு. அங்க ராஜாவும் எறும்பு, குடிமக்களும் எறும்பு. மத்ததெல்லாம் அங்கொண்ணு இங்கொண்ணு."

"எங்க வூட்ல எடுத்தா ரெண்டும் மூட்டப்பூச்சி சார்," என்றான் கிளாரன்ஸ்.

"கரெக்ட். ஒரே இனம் ஆதிக்கம் பண்ற சமூகம்." ஹரோல்ட் அதைத் தமாஷாக எடுத்துக்கொள்ளவில்லை. "அதுவும் மேட்டுல ஒவ்வொண்ணும் தனக்குப் பிடிச்ச மூலையில இருக்கும். புத்துக்கிட்ட வச்ச ஜாடியில எறும்பா அள்ளும். எருக்கஞ்செடிகிட்ட வண்டு. ஈரமான பைப்கிட்ட சுவர்க்கோழி. கல்லு குவிச்ச பக்கம் தேள். ஒரு ஜாடி மாதிரி இன்னொரு ஜாடி இருந்ததே கிடையாது. இந்த வாரம் பாருங்க!"

பார்த்தார்கள். நாலு தட்டிலும் எறும்புக் குவியல் ஒரே உயரம். நாலிலும் வண்டு, நாலிலும் சுவர்க்கோழி, தட்டுக்கு ஒரு தேள், தட்டுக்குக் கொஞ்சம் பூரான்.

"ஒவ்வொரு ஜாடியும் பணக்காரன் ஆயிடுச்சு! எல்லா வகையும் எல்லா ஜாடியிலயும்! பெங்களூர்ல என் புரொபசருக்கு இன்னைக்கே எழுதப் போறேன்."

"ஒரு நிமிஷம் சார்," என்றார் சம்பங்கி. "போன வாரம் மேட்டுல இல்லாத வகை ஏதாச்சும் இந்த வாரம் வந்துகீதா?"

"இல்ல."

"இருந்தது ஏதாச்சும் காணாம போச்சா?"

"அதுவும் இல்ல."

"அப்போ ஊரு ஜனம் அதே ஜனம்தான். வூடு மட்டும் மாத்தி மாத்திக் குடி வச்சிருக்காங்க."

ஹரோல்டின் முகத்தில் இருந்த சந்தோஷம் மெதுவாக வடிந்தது. ஆனாலும் அவர் நல்ல வாத்தியார். தன் சந்தோஷத்தைவிடக் கேள்வி பெரிது என்று தெரிந்தவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் தட்டுகளைக் குனிந்து பார்த்தார்.

"யாரோ நாலையும் ஒண்ணாக் கொட்டிக் கலந்திருக்கான்னு சொல்றீங்க. ஆனா கலந்து ஊத்தினாக்கூட இப்படி வராதே! ஒரு ஜாடியில கூடவும் ஒரு ஜாடியில குறையவும் விழுந்துதான் தீரும். தேள் ரெண்டு ஒரே ஜாடிக்குப் போகும், ஒண்ணுக்கு இருக்காது. இது அளந்து வச்ச மாதிரி இல்ல இருக்கு?"

"பூரான் நாலு தட்டுலயும் கீதே," என்றார் சம்பங்கி. "தலை எத்தனை?"

ஹரோல்ட் பூதக்கண்ணாடியை எடுத்தார். முதல் தட்டில் தலையோடு ஒரு துண்டு. இரண்டாவதில் நடுத்துண்டு. மூன்றாவதில் இன்னொரு நடுத்துண்டு. நாலாவதில் வால். இடுக்கியால் நாலையும் எடுத்து ஒரு காகிதத்தின்மேல் வரிசையாக வைத்தார். வெட்டுக்கு வெட்டு ஒட்டிக்கொண்டு சாண் நீளத்துக்கு ஒரு முழுப் பூரான் படுத்திருந்தது.

"ஃபார்மலின்ல ஊறி உடைஞ்சிருக்கும்னு நினைச்சேன்," என்றார் ஹரோல்ட் கம்மிய குரலில். "உடைஞ்சதில்ல. கத்தி வெட்டு."

"மாரிகுப்பம் ரயில்ல வுழுந்திருக்கும் சார். குடும்பக் கஷ்டம்," என்றான் கிளாரன்ஸ்.

சம்பங்கி ஜன்னல் பக்கம் போய் நின்றார். அவர் யோசிக்கிறார் என்று கிளாரன்ஸுக்குத் தெரியும். காரணம், அவன் பீடியைக் கேட்காமலே எடுத்துப் பற்றவைத்திருந்தார்.

"மில்லுல எடுத்த உருண்டையைப் பின்பக்கமா வந்து இந்த ஜாடியில போட்டுட்டுப் போறான்," என்றார். "எறும்பு மொச்சு மொச்சுன்னு மிதக்கற தண்ணியில எவன் கைய வுடுவான்? அப்பறம் வாத்தியார் வர்றதுக்கு முன்னாடி நாலையும் ஒரு துணியில கொட்டி, தங்கத்தைப் பொறுக்கிக்கறான். ஒரு பொடி மட்டும் சேத்தோட தங்கிப் போச்சு. வெறும் ஜாடியா வுட்டா வாத்தியாருக்குச் சந்தேகம் வரும். திருப்பிப் போடணும். போட்டான். எப்படிப் போட்டான் பார்த்தியா? சாதாரணத் திருடன் அள்ளி அள்ளிக் கொட்டியிருப்பான். இவன் உட்கார்ந்து, எறும்பு இவ்ளோ, வண்டு இவ்ளோன்னு பிரிச்சு, மீந்த ஒரு பூரானை நாலா வெட்டி வச்சிருக்கான். இது கறிக்கூறு போடற கை."

கிளாரன்ஸ் வாயைப் பிளந்தான். ஸ்கெலட்டனில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. திருவிழா வந்தால் லைனில் பத்துப் பதினைந்து வீடு சேர்ந்து ஓர் ஆடு வாங்குவார்கள். தையல் இலைகளைத் தரையில் பரப்பி, தொடைக்கறி ஒரு கை, நெஞ்செலும்பு ஒரு துண்டு, கொழுப்பு ஒரு விரலளவு என்று எல்லா இலையிலும் எல்லாமும் விழுகிற மாதிரி ஒருவர் கூறு போடுவார். அந்த வேலை எல்லோருக்கும் வராது. கூறு போடுகிறவருக்கு லைனில் ஒரு மரியாதை உண்டு. கண்ணாலேயே எடை போடுவார். அவர் கை வைத்தபின் எந்த இலையையும் எவனும் பொறுக்கிப் பார்க்கக் கூடாது.

"மேட்டுக்கும் மில்லுக்கும் போக வர முடிஞ்சவன், கூறு போடத் தெரிஞ்சவன். ரெண்டும் சேர்ந்த ஆள் எத்தனை பேர் இருப்பான்?" என்றார் சம்பங்கி. "வண்டிய எடு. வாத்தியார் சார், நீங்க பூரானை எடுத்துக்கினு வாட்ச் ஆபீசுக்கு வாங்க."

ஸ்கெலட்டனில் பாப்பம்மாவின் இட்லிக் கடை. லைன் சங்கதி எதுவும் அந்த அடுப்பைத் தாண்டாமல் போனது கிடையாது.

"கூறா? எங்க லைன்ல காத்தவராயன்தான் போடுவாரு," என்றாள் பாப்பம்மா. "பத்து வருசமா அவருதான். தங்கமான கை."

கிளாரன்ஸின் வாய்க்குப் போன வடை பாதி வழியில் நின்றது. மேட்டுக்குப் போக வர முடிந்தவன். கூறு போடத் தெரிந்தவன். வள்ளியின் புருஷனை விடுவிக்க என்று கிளம்பி, கழுத்தில் கயிற்றை இறுக்கிவிட்டு வந்தாயிற்று. அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் சொல்வது என்று நினைத்தபோது வடை கசந்தது. ஆனாலும் தின்றான்.

சம்பங்கி அசையவில்லை. "ஈரலை இன்னா பண்ணுவாரு?" என்று கேட்டார்.

"இன்னாது?"

"ஆட்டுக்கு ஈரல் ஒண்ணுதானே. அத்தனை இலைக்கும் வெட்டுவாரா?"

"ஐயே, வெட்டவே மாட்டாரு! லைன்ல எவ பச்ச ஒடம்புக்காரியா கீறாளோ, அவ வூட்டுக்கு முழுசா போயிடும். யாரும் புள்ள பெறலன்னா சீக்காளி வூட்டுக்கு. அதுக்குத்தான போன மாரியம்மன் திருவிழால அவ்ளோ பெரிய சண்ட!"

"யாரோட?"

"மில்லு கேட்டு ஜமேதார் ராஜமாணிக்கத்தோட. பங்குன்னா பங்குதான், புள்ள பெத்தவளுக்கு இன்னா தனி நியாயம்னு பேனாக்கத்திய உருவிக்கினு வந்து ஈரலைப் புடிச்சிக்கினாரு பாருங்க! அப்பறம் கோவிச்சிக்கினு அடுத்த லைன்ல தனியா ஆடு வாங்கறாரு. அங்க ஈரலைக் கூட வெத்தலபாக்கு சைசுக்கு நறுக்கிப் போடறாராம். நாக்கையும் வுடறதில்லையாம்." பாப்பம்மா வடையைத் திருப்பிப் போட்டாள். "ஆனா அதெல்லாம் மறந்து நல்லாத்தான் கீறாங்க. வெள்ளிக்கெழம கூட, 'மேட்ட நான் பாத்துக்கறேன், நீ போய் டீ வாங்கியா'ன்னு ஜமேதார் அனுப்பினாராம். காத்தவராயன் தூக்கு எடுத்துக்கினு இங்கதான் வந்தாரு."

கிளாரன்ஸ் சம்பங்கியைப் பார்த்தான். சம்பங்கி அடுப்பைப் பார்த்தார்.

"பாப்பம்மா, அவிச்ச முட்டை ஒண்ணு குடு."

"ரெண்டா வாங்குங்க சார்," என்றான் கிளாரன்ஸ்.

"ஒண்ணே ஒண்ணு போதும்."

வாட்ச் ஆபீஸ் வராந்தாவில் வள்ளி குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். எழுந்து நின்றாள். சம்பங்கி நேராக உள்ளே போனார். கிளாரன்ஸ் மட்டும் அவளிடம், "உக்காரும்மா, முட்ட எடுத்துக்கினு வந்துகீறோம்," என்றான். இதைக் கேட்டு அவளுக்கு எப்படி தைரியம் வரும் என்று பிறகுதான் யோசித்தான்.

உள்ளே அதிகாரி வால்டர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து ஜீப்புக்காகக் காத்துக்கொண்டிருந்தார். காத்தவராயனைப் பிடித்துக் கொடுத்தவரும் மில் கேட் காவலுக்குத் தலைவருமான ஜமேதார் ராஜமாணிக்கம் பக்கத்தில் விறைப்பாக நின்றார். இஸ்திரி கலையாத காக்கி, இரண்டு பக்கமும் ஒரே அளவுக்கு நறுக்கிய மீசை. ஹரோல்ட் காகிதப் பொட்டலத்தோடு ஒரு மூலையில் இருந்தார்.

"சாதகமா ஏதாவது கிடைச்சுதா?" என்றார் வால்டர்.

"பசி சார். காலையிலேர்ந்து சாப்பிடல," என்று சம்பங்கி முட்டையை மேஜைமேல் வைத்தார். "அஞ்சு பேரு இருக்கோம், முட்டை ஒண்ணு. நான் மட்டும் துன்னா நல்லா இருக்காது." ஓட்டை உரித்துவிட்டு, முட்டையைக் கண்டபடி பிய்க்க ஆரம்பித்தார். ஒரு பெரிய வெள்ளைத் துண்டு வால்டர் பக்கம் போயிற்று. மஞ்சள் அப்படியே கிளாரன்ஸ் பக்கம் சாய்ந்தது.

ராஜமாணிக்கத்தின் தாடை இறுகியது. ஒரு கால் மாற்றி மறு கால் வைத்தார். அப்புறம் தாங்கவில்லை.

"சார், சார்! இன்னா சார் இது, அநியாயமா? இங்க குடுங்க."

பையிலிருந்து பேனாக்கத்தி வந்தது. கைக்குட்டையில் துடைத்து, மீந்திருந்த முட்டையைப் பிய்ந்த துண்டுகளோடு சேர்த்து, வெள்ளை கொஞ்சம் மஞ்சள் கொஞ்சம் என்று ஐந்து பங்காக வைத்தார். தூரத்திலிருந்து ஒரு தடவை பார்த்து, ஒரு பங்கிலிருந்து ஒரு பொட்டு எடுத்து இன்னொன்றில் சேர்த்தார். உப்பையும் பிரித்தார். அது முட்டை என்பதே மறந்து கிளாரன்ஸ் அந்த வேலையில் லயித்துப்போனான். தன் பங்கை மரியாதையோடு வாயில் போட்டுக்கொண்டான்.

"கத்தியைக் கொஞ்சம் வாத்தியார்கிட்ட குடுங்க ஜமேதார்," என்றார் சம்பங்கி.

ஹரோல்ட் கத்தியை மூக்கருகே கொண்டுபோனார். "ஃபார்மலின்," என்றார். கிளாரன்ஸ் விழுங்கி முடித்திருந்தான். ஹரோல்ட் கத்தியின் மடிப்புக்குள் இடுக்கியை விட்டு, செம்பழுப்பாக நூல்போல ஒன்றை வெளியே இழுத்தார். "இது பூரான் கால்."

"பூரான் எங்க வூட்லயும் வரும்," என்றார் ராஜமாணிக்கம். குரலில் நடுக்கமே இல்லை. "கத்தியால அடிச்சேன். ஃபார்மலின் வாசனை ஆஸ்பத்திரி போனாக்கூட ஒட்டும்."

நியாயமான பதில்தான். வால்டரும் தலையை ஆட்டினார். வெளியே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கிளாரன்ஸ் வாசல்வரை ஓடிவிட்டுத் திரும்பி வந்தான். அதற்கு முட்டை பாதிக் காரணம்.

சம்பங்கி பொட்டலத்தைப் பிரித்துப் பூரானை மேஜைமேல் வைத்தார். ரொம்ப ஏமாற்றத்தோடு பார்த்தார்.

"நான் கூட இது பெரிய கைன்னு நெனைச்சேன், வால்டர் சார். பார்த்தா அரைகுறை வேலை. தலை வந்த ஜாடிக்குத் தலையும் போச்சு, மத்ததுக்கு இணையா உடம்பும் போச்சு. ஒரு ஜாடிக்கு மட்டும் கூட. இதைக் கூறுன்னு சொன்னா லைன்ல செருப்பால அடிப்பாங்க."

"யாரு சார் சொன்னது?" ராஜமாணிக்கம் ஒரு எட்டு முன்னால் வந்தார். முகம் சிவந்துவிட்டது. "நல்லாப் பாருங்க. தலை இருக்கற துண்டுல ரெண்டு ஜோடி காலு கம்மியா வச்சு வெட்டி—"

அதோடு நின்றார்.

ஹரோல்ட் குனிந்து, முதல் துண்டின் கால்களை வாய்க்குள் முணுமுணுத்து எண்ணினார். "வாஸ்தவம்," என்றார். "ரெண்டு ஜோடி கம்மி."

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. வந்த ஜீப்பிலேயே வாட்ச்காரர்கள் ஜமேதார் வீட்டுக்குப் போனார்கள். அரிசி டின்னுக்குள் கைவிட்டதும் துணி முடிச்சுகள் வந்தன. மில்லில் கூட இருந்து எடுத்துக்கொடுத்த இரண்டு பேரின் பெயரை ராஜமாணிக்கமே சொன்னார். தான் மட்டும் மாட்டுவது பங்கில் சேராது என்று நினைத்தாரோ என்னவோ. சங்கு ஊதும்போது காத்தவராயனின் அறைக்கதவு திறந்திருந்தது. அவன் வெளியே வந்து, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, குழந்தையைக் கையில் வாங்கினான். அதைப் பார்த்து கிளாரன்ஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் தோன்றவில்லை.

வால்டர் மேஜைமேல் இருந்த முடிச்சுகளைத் தராசில் தட்டுக்கு ஒன்றாக மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். முள் அசையவே இல்லை.

"ஆள் மூணு பேர்னு சொல்றே," என்றார். "முடிச்சு நாலு இருக்கே. நாலாவது யாருது?"

ராஜமாணிக்கம் நிமிர்ந்து நின்றார். விலங்கு போட்ட கையோடு சட்டையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டார்.

"காத்தவராயனுது சார். உள்ள போப் போறது அவன்தானே. அவன் பொண்டாட்டி புள்ளைக்குச் சேர வேண்டியது சேரணும்ல? இன்னைக்கு சாயங்காலம் நானே கொண்டு போய்க் குடுக்கலாம்னு இருந்தேன். எவன் பங்கையும் நான் தின்னது கிடையாது."

வாசற்படியில் நின்றிருந்த வள்ளி இதைக் கேட்டாள். மெதுவாக உள்ளே வந்தாள். வால்டர் மேஜைமேல் தனியாக ஒதுக்கி வைத்த அந்த நாலாவது முடிச்சைப் பார்த்தாள். தொடவில்லை.

"அவ்ளோ நாயம் பாக்கறவரு," என்றாள், "ஜெயில மட்டும் ஏன் ஜமேதார் வெட்டாம முழுசா எங்க வூட்டுக்கே குடுத்தீங்க?"